எண்ணிக்கொண்டே உழுத சிறுவன்
(விழா அவையில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



விழாக் காலத்தில் பேசத்தக்க பொருள்கள் பல இருக்கின்றன. அவற்றை விடுத்து, ஆட்டிசம் உடைய குழந்தைகளை வளர்க்கும் முறை இவ்வுரைக்குப் பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டதற்குக் காரணம் உண்டு. இத்தகைய குழந்தை பிறந்த குடும்பம் விழாக்களுக்கு வருவதைச் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொள்கிறது. முதலில் இரவு நிகழ்ச்சிகளைத் தவிர்க்கும். பிறகு பந்தியைத் தவிர்க்கும். பின்னர் தந்தை மட்டும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். தாய் வருவதே நின்றுவிடும். ஏன் வரவில்லை என்று கேட்பாரும் நாளடைவில் இல்லாமற் போவர். வெளியேறும்படி அவர்களிடம் எவரும் சொல்வதில்லை. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறியபோது திரும்பிப் பார்த்த நாற்பது முகங்களே அவர்களுக்குப் போதுமானவையாக இருந்திருக்கும்.

ஆட்டிசம் என்னும் சொல்லுக்கு மதியிறுக்கம் என்று தமிழில் ஒரு பெயர் வழங்குகிறது. தற்புனைவு ஆழ்வு என்று எழுதுவாரும் உளர். அரசு அறிவிப்புகளில் புற உலகச் சிந்தனையற்றோர் என்னும் தொடரும் இடம்பெற்றுள்ளது. இப்பெயர்கள் யாவும் வெளியே நின்று பார்ப்பவர் கண்ணுக்குத் தோன்றியதைக் கூறுவனவே. அக்குழந்தையின் மதி இறுகியும் இல்லை. புற உலகம் அதற்கு எட்டாமலும் இல்லை. பல குழந்தைகளுக்குப் புற உலகம் அளவுக்கு மீறி எட்டுகிறது என்பதே பெரிய தொல்லை. குழாய் விளக்கின் மெல்லிய இரைச்சலும், சட்டைக் கழுத்தில் தைத்த துணிச்சீட்டின் உரசலும், மிக்சியின் ஓசையும் மற்றவர் உடனே மறந்துவிடுபவை. இக்குழந்தைகளுள் பலர் அவற்றை மறக்க இயலாமல் தவிக்கின்றனர். ஆகையால் பொருந்தாத தமிழ்ப் பெயரைக் காட்டிலும், வழக்கில் வேரூன்றிவிட்ட ஆட்டிசம் என்னும் சொல்லே இவ்வுரையில் கையாளப்படுகிறது.

இது தொற்று நோய் அன்று. மருந்து கொடுத்துப் போக்கும் நோயும் அன்று. பிறப்பிலேயே மூளையின் வளர்ச்சி வேறு வகையில் அமைவது. பேச்சு, பிறரோடு பழகும் முறை, புலனுணர்வு, பழக்கங்களில் காட்டும் பிடிப்பு ஆகியவற்றில் அவ்வேறுபாடு வெளிப்படும். ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் பெறுவார். ஒருவர் வாழ்நாள் முழுவதும் ஒரு சொல்லும் பேசார். ஒருவருக்கு வலிப்பும் சேர்ந்திருக்கும். இத்தனை பேரையும் ஒரே சொல்லுக்குள் அடக்கியிருப்பதால், ஒரு குழந்தையைப் பார்த்து இன்னொரு குழந்தைக்கு அறிவுரை சொல்வதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

இனி ஒரு வாழ்க்கையைக் கேளுங்கள். மருத்துவ வரலாற்றில் ஆட்டிசம் என்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டவர்களுள் ஒருவரான டொனால்டு டிரிப்ளெட்டின் வாழ்க்கை அது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை வழக்கறிஞர். தாயின் குடும்பத்தார் அவ்வூர் வங்கியின் உரிமையாளர்களுள் சேர்ந்தவர்கள்.

ஒரு வயதிலேயே அக்குழந்தை பாட்டின் மெட்டைப் பிசகாமல் முணுமுணுத்தது. சின்னஞ்சிறு வயதில் வேதப்பாடல் ஒன்றையும், சமய வினாவிடை நூலிலிருந்து 25 வினாக்களுக்கான விடைகளையும் மனப்பாடமாக ஒப்பித்தது. ஆனால் தாய் வந்தாலும் போனாலும் அதன் முகத்தில் மாற்றமில்லை. தட்டுகளையும் மரக்கட்டைகளையும் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே அதற்கு இன்பம். சுழற்சியை யாரேனும் தடுத்தால் பொங்கி எழும். குளிக்க வேண்டும் என்று தோன்றினால், “உனக்குக் குளிக்க வேண்டுமா?” என்று தாயிடம் கேட்கும். தன்னை நீ என்றும் பிறரை நான் என்றும் சொல்லும் குழந்தையை அவ்வீட்டார் அதுவரை கண்டதில்லை.

1937-ஆம் ஆண்டு, குழந்தைக்கு நான்கு வயது நிரம்புமுன், சூழ்நிலை மாற்றம் தேவை என்னும் மருத்துவ அறிவுரையின்படி அவனைக் காசநோய்த் தடுப்பு இல்லம் ஒன்றில் கொண்டுபோய் விட்டனர். இன்று கேட்கக் கொடுமையாகத் தோன்றும். அந்நாளில் இத்தகைய குழந்தைகளை நிறுவனத்தில் ஒப்படைத்துவிட்டு மறந்துவிடுமாறு கூறுவதே மருத்துவர் பலரின் வழக்கமாக இருந்தது. பெற்றோர் மாதம் இருமுறை சென்று பார்த்தனர். ஏறத்தாழ ஓராண்டு கழிந்தது. 1938-ஆம் ஆண்டு, அங்கேயே விட்டுவைக்குமாறு இல்லத் தலைவர் சொன்னதையும் மீறி, அவர்கள் மகனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டனர்.

அவர்களைத் தெய்வப் பிறவிகளாக எண்ணிவிட வேண்டாம். அத்தாய் தம் மகனை மீளாத மனநோய் கொண்டவனாகக் கருதிக் கடிதம் எழுதியவர்தாம். மனம் தெளிந்த பிறகு அவர்கள் அழைத்து வரவில்லை. தெளியாத மனத்தோடேயே அழைத்து வந்தார்கள்.

அதன் பின்னர் தந்தை தம் அலுவலகத்தில் அமர்ந்து, உதவியாளர் எழுத, மகனைப் பற்றி 33 பக்கங்கள் கொண்ட கடிதம் ஒன்றைச் சொல்லச்சொல்ல எழுதுவித்தார். பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை உளமருத்துவராக இருந்த லியோ கேனருக்கு அக்கடிதம் சென்றது. என்ன உண்டான், எப்போது சிரித்தான், எந்தச் சொல்லை எவ்விடத்தில் சொன்னான் என்று இவ்வளவு நுணுக்கமாக ஒரு தந்தை எழுதியதைக் கண்டு கேனர் வியந்தார். 1938 அக்டோபரில் சிறுவனை நேரில் பார்த்தார். அவனையும், அவனைப் போன்ற வேறு பத்துக் குழந்தைகளையும் ஆராய்ந்து 1943-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையே இத்துறைக்கு அடித்தளம். அக்கட்டுரையின் முதற் குழந்தை டொனால்டு. அவனைப் பற்றிய பகுதி பெரிதும் அத்தந்தையின் கடிதத்திலிருந்து பிறந்தது. பெற்றோர் பொறுமையோடு பார்த்து எழுதிவைத்தது அறிவியலுக்கு மூலமாயிற்று என்பதை இங்குள்ள பெற்றோர் நினைவிற் கொள்ளலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்த ஓசைக்கு அழுதது, எந்த உணவைத் தள்ளியது, அலறலுக்கு முந்திய அரைமணி நேரத்தில் என்ன நடந்தது என்று நாள்தோறும் நான்கு வரி எழுதி வந்தால், மாத முடிவில் காரணமில்லாத அடம் என்று எண்ணியவற்றுள் பலவற்றுக்குக் காரணம் தென்படத் தொடங்கும்.

அக்கட்டுரையில் உள்ள ஒரு செய்தி தனியே எடுத்துச் சொல்லத் தக்கது. ஆம் என்று சொல்ல டொனால்டுக்குத் தெரியவில்லை. ‘ஆம் என்று சொன்னால் தோளில் தூக்கிக்கொள்வேன்’ என்றார் தந்தை. அவன் சொன்னான், தூக்கிக்கொண்டார். அன்று முதல் பல மாதங்கள் வரை அவனுக்கு ஆம் என்னும் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: என்னைத் தோளில் தூக்கு. இதைக் கேட்டுச் சிரிப்பவர் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். அவன் தவறாகக் கற்கவில்லை, கற்பித்தபடியே கற்றான். சொல்லைச் சூழலோடு சேர்த்தே கற்கும் குழந்தைக்குப் பத்துச் சூழலில் பத்து முறை அதே சொல்லைக் காட்ட வேண்டும். பேசாத குழந்தைக்குப் படங்களைக் காட்டியோ கருவியின் வழியாகவோ கருத்தைத் தெரிவிக்கப் பழக்க வேண்டும். படத்தைக் காட்டினால் பேச்சு வராமலே போய்விடும் என்று அஞ்சுவோர் உளர். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. தாகம் என்று தெரிவிக்க ஒரு வழி கிடைத்த குழந்தை, தலையைச் சுவரில் மோதித் தெரிவிக்க வேண்டிய தேவை குறைகிறது.

இந்த வாழ்க்கையின் மிகச் சிறந்த பகுதி இனிமேல்தான் வருகிறது. 1942-ஆம் ஆண்டு, ஒன்பது வயதளவில், ஊருக்குப் பத்து மைல் அப்பால் வேளாண்மை செய்துவந்த பிள்ளையில்லாத் தம்பதியரிடம் டொனால்டு விடப்பட்டான். பெற்றோர் அடிக்கடி சென்று பார்த்து வந்தனர். குழந்தையை வேறிடத்தில் விடுவது யாரும் பின்பற்ற வேண்டிய முறையன்று. அங்கே நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். லூயிஸ் என்னும் அந்த வேளாண் குடும்பத்தார் உளவியல் படித்தவர்கள் அல்லர். 1945-இல் கேனர் அங்கே சென்று கண்டு, அவர்களுடைய அறிவுடைமையைக் கண்டு வியந்ததாகப் பின்னாளில் எழுதினார்.

சிறுவனுக்கு எதையும் அளந்துகொண்டே இருக்க வேண்டும். அவர்கள் அதைத் தடுக்கவில்லை. கிணறு ஒன்றைத் தோண்டச் செய்து, அதன் ஆழத்தை அளந்து தெரிவிக்குமாறு பணித்தனர். செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்ப்பான். எவரும் முகம் சுளிக்கும் பழக்கம் அது. அவர்கள் ஒரு மூலையில் இடம் ஒதுக்கி, அதை இடுகாடாக்கிக்கொள்ளச் சொன்னார்கள். அவன் ஒவ்வோர் உயிருக்கும் ஒரு பெயர்ப்பலகை நட்டான். முதலில் ஒரு மனிதப் பெயர், நடுவில் அவ்வுயிரின் இனம், இறுதியில் அந்த வேளாளரின் குடும்பப் பெயர். ஒரு நத்தைக்கும் லூயிஸ் குடும்பத்தில் இடம் கிடைத்தது. பிறந்த நாள் தெரியவில்லை என்றும், கண்டெடுத்த நாளே இறந்த நாள் என்றும் அதில் எழுதினான். மக்காச்சோளப் பயிர் வரிசைகளை ஓயாமல் எண்ணிக்கொண்டிருப்பான். ‘எண்ணுவதை நிறுத்து’ என்று அவர்கள் சொல்லவில்லை. கலப்பையைக் கையில் கொடுத்து, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார்கள். கேனர் சென்ற நாளில் அவன் நீண்ட ஆறு வரிசைகளை உழுதான். குதிரையைத் திருப்பிய நேர்த்தியை அவர் தனியே குறித்திருக்கிறார். அருகிலிருந்த நாட்டுப்புறப் பள்ளியும் அவனுடைய விந்தைப் போக்குகளை ஏற்றுக்கொண்டு பாடம் சொல்லிக் கொடுத்தது.

புரிந்துகொள்ளல் என்றும் ஏற்றுக்கொள்ளல் என்றும் எத்தனையோ பேர் பேசுகின்றனர். அவை நடைமுறையில் எவ்வாறு இருக்கும் என்று கேட்பவருக்கு அந்த ஆறு வரிசைகளைக் காட்டலாம். அவர்கள் எண்ணும் பழக்கத்தை ஒழிக்க முயலவில்லை. ‘எப்படியோ போகட்டும்’ என்று கைவிடவும் இல்லை. உழவு என்னும் கடுமையான வேலையைக் கற்பித்தனர். அவன் விரும்பிய எண்ணிக்கையை அதனுள்ளே வைத்தனர். ஏற்றுக்கொண்டால் பயிற்சியை நிறுத்திவிட வேண்டுமோ என்னும் ஐயம் பெற்றோர் பலருக்கு உண்டு. அது வேண்டுவதில்லை. பல் துலக்கவும், சாலையைக் கடக்கவும், காசை எண்ணிக் கொடுக்கவும் கற்பித்தே ஆக வேண்டும். குழந்தையை மற்றக் குழந்தைகளைப் போலத் தோன்றச் செய்யும் பயிற்சிதான் வீண். கையை அசைப்பதை அடக்குவதும், கண்ணைப் பார்த்துப் பேசுமாறு முகவாயைப் பிடித்துத் திருப்புவதும் எதற்காக? கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது நின்றுவிடுகிறது என்று ஆட்டிசம் உடைய பெரியவர்கள் பலர் சொல்லியிருக்கின்றனர். பார்ப்பவர் மனம் நிறைவதற்காகக் குழந்தை அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

இந்நேரம் ஒரு பழியைப் பற்றியும் பேசியாக வேண்டும். 1943-இல் இக்குறைபாடு பிறவியிலேயே அமைந்தது என்று எழுதிய கேனரே, சில ஆண்டுகளுக்குள் பெற்றோரின் அன்பின்மையைச் சுட்டி எழுதலானார். குளிர்சாதனப் பெட்டியைப் போன்ற தாய் என்னும் கொடுஞ்சொல் அவ்வழியே பரவியது. புரூனோ பெட்டல்ஹைம் என்பார் 1967-ஆம் ஆண்டு நூல் எழுதி அப்பழியை உலகெங்கும் கொண்டு சேர்த்தார். அமெரிக்கத் தாய்மார் ஒரு தலைமுறைக் காலம் தம் குழந்தையின் நிலைக்குத் தாமே காரணம் என்று நம்பி அழுதனர். தாமும் ஆட்டிசம் உடைய மகனுக்குத் தந்தையான உளவியலறிஞர் பெர்னார்டு ரிம்லாண்டு 1964-இல் நூல் எழுதி இதை மறுத்தார். 1969-ஆம் ஆண்டு பெற்றோர் சங்கக் கூட்டம் ஒன்றில் கேனர் எழுந்து, பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக அறிவித்தார். 1977-இல் வெளிவந்த இரட்டையர் பற்றிய ஆய்வு, மரபணுவின் பங்கு பெரிது என்று காட்டியது.

அங்கே குளிர்சாதனப் பெட்டி. இங்கே வேறு சொற்கள். கருவுற்றிருந்தபோது கைப்பேசி பார்த்தாள், வேலைக்குப் போனாள், குழந்தையோடு பேசவில்லை, எந்தப் பிறவியில் செய்த வினையோ என்பன அவை. வினையைப் பற்றிய சிந்தனை ஒருவர் தம் நடத்தையைத் தாமே ஆராய்வதற்காக முன்னோர் வகுத்தது. அண்டை வீட்டுத் தாயின் மடியில் இருக்கும் குழந்தையைக் காட்டி அவளுடைய வினைக்கணக்கை வாசிப்பதற்கு எவருக்கும் உரிமை வழங்கப்படவில்லை. சொல்லால் வரும் இன்னலும் இன்னலே. மாமியார், நாத்தனார், ஓரகத்தி என்று வீட்டுக்குள்ளிருந்தே இச்சொல் வரும்போது, அந்தத் தாய்க்கு ஒதுங்க வேறு இடமும் இல்லை.

இப்பழியிலிருந்து பிறப்பதே மருந்து தேடி அலையும் ஓட்டம். குற்ற உணர்ச்சி உடையவரிடம் எதையும் விற்கலாம் என்பதை விற்பவர் அறிவர். ஸ்டெம் செல் ஊசி என்று கூறிப் பல இலட்சம் ரூபாய் பெறுவோர் இருக்கின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, குருதி சார்ந்த சில நோய்கள் தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை ஏற்கப்பட்ட மருத்துவம் அன்று. ஆட்டிசமும் அம்மற்றவற்றுள் அடங்கும். தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்னும் வதந்தியும் அத்தகையதே. 1998-இல் அதைக் கிளப்பிய கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வும் அத்தொடர்பு இல்லை என்றே கூறிற்று. நகையை அடகு வைக்குமுன் ஒரு முறை முட்டுக்காட்டில் இயங்கும் நடுவண் அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்குச் சென்று கேட்பது நலம். பேச்சுப் பயிற்சியும் அன்றாடச் செயல்களுக்கான பயிற்சியும் மெதுவானவை, விளம்பரமற்றவை, எனினும் பயன் தருபவை.

பெற்றோரின் துயரத்தைப் பற்றி ஒரு கருத்து உண்டு. 1993-ஆம் ஆண்டு கனடாவின் டொரான்டோ நகர மாநாட்டில் ஜிம் சின்கிளேர் என்பார் ஓர் உரை நிகழ்த்தினார். அவரே ஆட்டிசம் உடையவர். பெற்றோரை நோக்கிப் பேசிய அவர், அவர்களுடைய துயரம் உண்மையானது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அத்துயரம், எதிர்பார்த்திருந்து வராமற்போன ஒரு குழந்தைக்கானது என்றும், கண்முன் இருக்கும் குழந்தை எங்கும் தொலைந்து போகவில்லை என்றும், அழ வேண்டுமாயின் அக்குழந்தை காணாத இடத்தில் அழுது முடித்துவிட்டு அதனிடம் வாருங்கள் என்றும் அவ்வுரையின் பொருள் அமைந்தது. சிலருக்கு இது கடுமையாகத் தோன்றியது. ஆயினும், பேசாத குழந்தைக்கும் காது கேட்கும். ‘இவனை நினைத்தால் தூக்கமே வருவதில்லை’ என்று உறவினரிடம் தாய் சொல்லும்போது, பக்கத்தில் அமர்ந்து சக்கரத்தைச் சுழற்றுபவன் கேட்கவில்லை என்று எவரால் உறுதி கூற இயலும்?

டொனால்டு மீண்டும் தன் ஊருக்கு வந்து பள்ளியிற் சேர்ந்தான். கல்லூரிக்குச் சென்று 1958-இல் பிரெஞ்சு மொழியில் பட்டம் பெற்றார். குடும்பத்துக்கு உரிமையுள்ள வங்கியில் பணம் எண்ணும் வேலை. எண்களை நேசித்தவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் ஏது? 27 வயதில் கார் ஓட்டக் கற்றார். கோல்ப் ஆடினார். தனியாகவே முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பயணம் போய் வந்தார். அவர் ஊராருக்கு ஆளுக்கோர் எண் கொடுத்து, அந்த எண்ணைச் சொல்லியே அழைப்பார். எண் பெற்றவர்கள் அதைப் பெருமையாகக் கருதினர். 87-ஐ 23-ஆல் பெருக்கினால் 2001 என்று நொடியில் சொல்லுவார்.

அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை வழங்கிற்று. பள்ளிக்கூடக் கட்டடத்தைப் பார்த்த மாத்திரத்தில் அதன் செங்கற்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டார் என்பது அது. அவர் முதியவரான பின், ஜான் டொன்வன், காரன் ஜக்கர் என்னும் இதழாளர்கள் தேடிச் சென்று அதைப் பற்றிக் கேட்டனர். அவர் எண்ணவே இல்லை. வாயில் வந்த ஓர் எண்ணைச் சொன்னாராம். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்றதற்கு, அந்தப் பையன்கள் தம்மை நன்றாக மதிக்க வேண்டும் என்று விரும்பியதாகச் சொன்னார். பிறர் நட்பில் நாட்டமற்றவர்கள், தனிமையையே விரும்புபவர்கள் என்று ஆட்டிசம் உடையோரைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் எத்தனையோ. முதற்பக்கத்திலேயே இடம்பெற்றவர் கூட்டாளிகளின் மதிப்புக்கு ஏங்கியிருக்கிறார். 2012-இல் டேமியன் மில்டன் என்னும் ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உடையவர், இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமை இருபுறத்துக் குறை என்று எழுதினார். மற்றவர் மனத்தை அவர்கள் அறியவில்லை என்று சொல்பவர், அவர்கள் மனத்தைத் தாம் அறிந்ததாகக் காட்டுவதில்லை அல்லவா?

அந்த இதழாளர்களுக்குப் பாரஸ்ட் ஊரில் மற்றோர் அனுபவமும் கிட்டியது. தனித்தனியே சந்தித்த மூவர் ஏறத்தாழ ஒரே வகையில் எச்சரித்தனர். ‘நீங்கள் எழுதுவதால் டொனால்டுக்குத் தீங்கு நேர்ந்தால், உங்களை எங்கே கண்டுபிடிப்பது என்று எங்களுக்குத் தெரியும்’ என்பது அதன் கருத்து. உறவினர் அல்லர், ஊரார். அவருடைய விந்தைகள் அவர்களுக்குப் பழகிப்போயிருந்தன. சிறு வயது முதல் கண்முன்னே நடமாடியவர் என்பதால் பழகின. வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்தால் பழகியிருக்க மாட்டா.

இதில் மறைக்கக் கூடாத உண்மையும் உண்டு. அக்குடும்பத்துக்குச் செல்வமும் செல்வாக்கும் இருந்தன. வங்கி அவர்களுடையதாக இல்லாவிடில் வங்கி வேலை கிடைத்திருக்குமா என்பது ஐயமே. அக்காலத்து மிசிசிப்பியில் ஒரு கறுப்பினக் குடும்பத்துக்கு இவ்வாய்ப்புகள் எளிதில் கிட்டியிரா. கேனரின் பதினொரு குழந்தைகளுள் பெரிய அரசு மனநல விடுதிகளுக்கு அனுப்பப்பட்டவர்கள், கற்றிருந்ததையும் இழந்து ஒடுங்கிப் போயினர் என்பதை அவரே 1971-இல் மனம் நொந்து பதிவு செய்தார். ஒரு குடும்பத்திடம் பணமாக இருந்ததை, பணமில்லாத குடும்பங்களுக்கு ஓர் அறக்கட்டளையும் ஊரும் சேர்ந்து எவ்வளவு தூரம் ஈடுசெய்ய முடியும் என்பதே இங்கு எழும் வினா. பயிற்சிக் கட்டணத்துக்கு உதவலாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒருவர் போய்க் குழந்தையோடு இருந்து, தாய் உறங்க இடம் தரலாம். பின்னது பணம் வேண்டாதது. கிடைப்பது மிக அரிது.

எங்களுக்குப் பின் யார் என்னும் கேள்வி இப்பெற்றோரை இரவுதோறும் எழுப்பிவிடும். டொனால்டின் பெற்றோர் அதற்கும் வழி செய்திருந்தனர். குடும்பம் ஏற்படுத்திய நிதியத்திலிருந்து அவருடைய செலவுகள் ஒழுங்காக நடக்கும்படியும், பணத்தை எவரும் ஏமாற்றிப் பறிக்க முடியாதபடியும் ஏற்பாடு இருந்தது. பெற்றோர் மறைந்த பின்னரும் அவர் பல்லாண்டுகள் அதே வீட்டில் வாழ்ந்து, 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 89-ஆம் வயதில் காலமானார்.

இந்தியாவில் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. மகன் அல்லது மகளுக்கு 18 வயது நிறைந்தவுடன் பெற்றோரின் இயல்பான காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது என்பதைப் பலர் அறியார். தேவைப்படுவோர் மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர் நிலைக் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படி காப்பாளர் நியமனம் பெற வேண்டும். அதே அமைப்பின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்கு இடமுண்டு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட பாதிப்புள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. இவ்விண்ணப்பங்களை நிரப்பித் தர, படித்த இளைஞர் இருவர் முன்வந்தாலே பல குடும்பங்களின் அலைச்சல் குறையும்.

விழாக்களைப் பற்றியும் கூற வேண்டும். ஒலிபெருக்கிக்குத் தொலைவில், காற்றோட்டமான ஓர் அறையை அமைதிக்கென ஒதுக்கி வைத்தால், காதைப் பொத்தும் குழந்தையோடு தாய் அங்கே சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வருவாள். வீட்டுக்குப் போய்விட மாட்டாள். பந்தியில் கடைசி வரிசையின் ஓரத்து இலையை இத்தகைய குடும்பத்துக்கு வைத்து, கூட்டம் சேருமுன்பே பரிமாறிவிடலாம். வெறும் சோறும் தயிரும் மட்டுமே உண்ணும் குழந்தைக்கு அவற்றை மட்டுமே வைக்கலாம். இனிப்பை வற்புறுத்த வேண்டாம். மேளம் எப்போது தொடங்கும், எப்போது முடியும் என்பதை அழைப்பிதழில் மணியோடு அச்சிட்டால் குழந்தையை முன்கூட்டியே ஆயத்தப்படுத்த இயலும். குழந்தை அலறினால், அருகில் இருப்பவர் தாயைப் பார்க்காமல் தம் இலையைப் பார்த்து உண்ணலாம். உதவி வேண்டுமா என்று ஒருவர் மட்டும், தாழ்ந்த குரலில், ஒரு முறை கேட்டால் போதும். இவ்வாண்டு வராத குடும்பங்களின் வீட்டுக்கு, அடுத்த விழாவின் அழைப்பிதழை அஞ்சலில் அனுப்பாமல் இருவர் நேரில் கொண்டுபோய், குழந்தையின் பெயரையும் அதில் எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம்.